ஜூலியாவுக்காக ஒரு புத்தகம்

அமெரிக்காவின் 50 டாலர் நோட்டில் தாடியும் இறுகிய உதடுமாகக் காட்சி தரும் யுலிசிஸ் எஸ். கிராண்ட், 1861 முதல் 1865 வரை அந்நாட்டின் வட மாநிலங்களுக்கும் அடிமைமுறையைக் காத்துக்கொள்வதற்காகப் பிரிந்து போன தென் மாநிலங்களுக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போரை வென்று முடித்த தளபதி. 1869 முதல் 1877 வரை இரண்டு முறை தொடர்ந்து குடியரசுத் தலைவராக இருந்தவர். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இந்த இரண்டு பொறுப்புகளை வைத்தே அவரை எடை போடுகின்றன. அவற்றில் முதலாவதற்காக அவருக்குக் கிடைத்த புகழும் இரண்டாவதற்காக அவர் கேட்ட வசவும் ஒருபுறம் இருக்க, 1884 மே மாதம் முதல் 1885 ஜூலை மாதம் வரையிலான அவருடைய இறுதிப் பதினான்கு மாதங்களை உற்றுப் பார்ப்பவர்களுக்கு வேறொரு மனிதர் தென்படுகிறார். கையில் பணமில்லாமல், தொண்டையைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருக்க, தாம் போன பிறகு மனைவி பிறர் தயவை எதிர்பார்த்து வாழ நேரக் கூடாது என்ற ஒரே நோக்கத்துடன் உட்கார்ந்து எழுதிய அந்த மனிதரிடம், களத்தில் பின்வாங்கத் தெரியாதவராக இருந்த தளபதியின் குணமே இருந்தது என்பதும், அந்தக் குணம் போரில் பிறந்ததைவிடக் குடும்பத்தில் வளர்ந்ததே அதிகம் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

1822 ஏப்ரல் 27 அன்று ஒஹையோ மாநிலத்தின் பாயிண்ட் பிளசன்ட் என்ற சிற்றூரில் பிறந்த கிராண்டின் தந்தை ஜெசி, தோல் பதனிடும் தொழில் நடத்தியவர். பதனிடும் கூடத்தின் நாற்றமும் இரத்தமும் பிள்ளைக்கு அறவே பிடிக்கவில்லை. குதிரைகளைப் பழக்குவதில் மட்டுமே நாட்டம் இருந்தது. தந்தையின் வற்புறுத்தலால் வெஸ்ட் பாயிண்ட் என்னும் இராணுவக் கல்லூரியில் சேர்ந்து, 1843-இல் 39 பேர் கொண்ட வகுப்பில் 21-ஆவது இடத்தில் தேறி வெளிவந்தார். மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகிலிருந்த படை முகாமில் முதல் பணி கிடைத்தபோது, கல்லூரியில் அறைத்தோழராக இருந்த பிரெட் டென்டின் வீடு அங்கிருந்து குதிரையில் போய்வரும் தொலைவில் இருந்தது. அந்த வீட்டில்தான் 1844-இல் பிரெட்டின் தங்கை ஜூலியாவை அவர் சந்தித்தார்.

டென்ட் குடும்பம் அடிமைகளை வைத்து விவசாயம் செய்த குடும்பம். கிராண்டின் குடும்பமோ அடிமைமுறையை வெறுத்தது. இதனால் இரு வீட்டாருக்கும் இந்தச் சம்பந்தத்தில் மனமில்லை. அதற்குள் மெக்சிகோவுடன் போர் மூண்டது. நிச்சயம் செய்துகொண்ட இருவரும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கடிதத்தின் மூலமாகவே வாழ்ந்தனர். 1848 ஆகஸ்ட் 22 அன்று செயின்ட் லூயிஸில் திருமணம் நடந்தபோது மாப்பிள்ளையின் பெற்றோர் வரவில்லை. ஜூலியாவுக்குப் பிறவியிலிருந்தே ஒரு கண் மாறுகண். பிற்காலத்தில் கணவர் நாடறிந்த தளபதியானதும், மேடைகளில் அருகில் நிற்க வேண்டியிருக்குமே என்று அறுவை சிகிச்சை பற்றி அவர் மருத்துவரிடம் விசாரித்ததையும், செய்தி அறிந்த கிராண்ட், அந்தக் கண்களைப் பார்த்துத்தான் மனம் பறிகொடுத்ததாகவும் அவற்றை யாரும் தொட வேண்டாம் என்றும் தடுத்துவிட்டதையும் ஜூலியா தம் நினைவுக்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். அதிகம் பேசாதவர் என்று பெயரெடுத்த மனிதர் இதை மட்டும் தயங்காமல் சொன்னார்.

இந்த இணையர் முதல் முறையாக உடைந்து போகும் நிலைக்கு வந்தது 1852-இல், கிராண்டின் படைப்பிரிவு பசிபிக் கடற்கரைக்கு மாற்றப்பட்டபோதாகும். பனாமா நிலவழியைக் கடக்க வேண்டிய அந்தப் பயணத்தில், இரண்டாவது குழந்தையைச் சுமந்திருந்த ஜூலியாவையும் மூத்த மகனையும் அழைத்துச் செல்வது ஆபத்து என்று கருதி அவர்களை விட்டுச் சென்றார். வழியில் காலரா பரவிப் படையினரும் அவர்களின் குடும்பத்தினருமாக நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்ததைப் பார்க்கும்போது அந்த முடிவு சரியானதே. ஆனால் தனிமை அவரைத் தின்றது. மாதக்கணக்கில் தாமதமாக வந்த கடிதங்களுக்காகக் காத்திருந்தார். ஒருமுறை ஜூலியா, தந்தை இன்னும் பார்த்திராத குழந்தையின் கையைத் தாளில் வைத்து அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்து அனுப்பினார். அந்தத் தாளை ஒரு சார்ஜன்ட்டின் மனைவியிடம் காட்டிய கிராண்ட், ஒரு சொல்லும் பேசாமல் கண் கலங்கி எழுந்து போனதாக அந்தப் பெண்மணி பின்னாளில் நினைவுகூர்ந்தார். சம்பளத்தைக் கொண்டு குடும்பத்தை வரவழைக்க வழியில்லை, மிச்சம் பிடிக்கச் செய்த சிறு வியாபாரங்கள் எல்லாம் நஷ்டத்தில் முடிந்தன, குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. 1854-இல் கலிபோர்னியாவில் இருந்தபோது பதவியைத் துறந்து வீடு திரும்பினார். வாழ்நாள் முழுவதும் அவரைத் துரத்திய குடிகாரர் என்ற பேச்சுக்கு மூலம் இந்தக் காலமே. மனைவி பக்கத்தில் இருந்த காலங்களில் அந்தப் பழக்கம் தலைதூக்கவில்லை என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் பலரும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

அடுத்த ஆறு ஆண்டுகள், பிற்காலத்தில் ஒரு நாட்டின் தலைவரானவருடைய வாழ்க்கை என்று நம்ப முடியாதவை. மாமனார் ஜூலியாவுக்குக் கொடுத்த 80 ஏக்கர் நிலத்தில், தாமே மரம் வெட்டி ஒரு கட்டை வீடு கட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர் ஏறத்தாழ ‘திண்டாட்டம்’ என்ற பொருளைத் தருவது. விளைச்சல் கைகொடுக்காத மாதங்களில் விறகை வண்டியில் ஏற்றிச் சென்று செயின்ட் லூயிஸ் தெருக்களில் விற்றார். பழைய இராணுவ மேல்சட்டையுடன் விறகு வண்டி ஓட்டி வந்த அவரைக் கண்டு, உடன் பணியாற்றிய அதிகாரிகள் திகைத்ததுண்டு. 1857-இல் நாடெங்கும் வங்கிகள் சரிந்து விளைபொருள் விலை விழுந்தபோது, கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்னதாகத் தம் தங்கக் கடிகாரத்தை 22 டாலருக்கு அடகு வைத்தார். அந்த வறுமையின் நடுவே, மாமனாரிடமிருந்து தம் கைக்கு வந்திருந்த வில்லியம் ஜோன்ஸ் என்ற அடிமையை 1859 மார்ச் 29 அன்று நீதிமன்றத்தில் பத்திரம் எழுதி விடுவித்தார். விற்றிருந்தால் ஆயிரம் டாலர் வரை கிடைத்திருக்கக்கூடும். அது அன்று அவருடைய குடும்பத்துக்கு ஓராண்டுப் பிழைப்புக்கு மேல். கடைசியில் 1860-இல், நான்கு குழந்தைகளுடன், இல்லினாய் மாநிலத்தின் கலீனா என்ற ஊரில் தந்தையின் தோல் கடையில், தம்பிமாருக்குக் கீழே வேலை பார்க்கப் போனார். பிடிக்காத தொழில் என்று சிறுவயதில் எதை விட்டு ஓடினாரோ, அதனிடமே குடும்பத்துக்காகத் திரும்பி வந்தார்.

அடுத்த ஆண்டு போர் வந்தது. தன்னார்வப் படை ஒன்றின் கர்னலாகத் தொடங்கிய கிராண்ட், 1862 பிப்ரவரியில் டோனல்சன் கோட்டையையும், 1863 ஜூலை 4 அன்று மிசிசிப்பி ஆற்றின் மீதிருந்த விக்ஸ்பர்க் நகரையும் கைப்பற்றி, 1864 மார்ச் மாதம் ஒன்றியப் படைகள் அனைத்துக்கும் தலைவரானார். ஒன்றியம் என்பது நாடு பிளவுபடக் கூடாது என்று நின்ற வடதரப்பைக் குறிக்கும் பெயர். போர்க்காலத்திலும் அவர் குடும்பத்தை விட்டு விலகியிருக்க விரும்பவில்லை. நிலைமை அமைதியான போதெல்லாம் ஜூலியாவும் குழந்தைகளும் முகாமுக்கு வந்து தங்கினர். மூத்த மகன் பிரெட் பன்னிரண்டு வயதில் விக்ஸ்பர்க் படையெடுப்பில் தந்தையுடனே சுற்றி, காலில் குண்டடியும் பட்டான். இதை அன்பென்று சொல்வதா, அசட்டுத் துணிவென்று சொல்வதா என்பதில் இன்றைய பெற்றோருக்கு ஐயமே இருக்காது. கிராண்டுக்கோ பிள்ளைகள் அருகில் இருப்பதே இயல்பாகத் தோன்றியிருக்கிறது.

அவரைப் போற்றுவோர் மறைக்கக் கூடாத பக்கங்களும் உண்டு. 1862 டிசம்பரில், பருத்திக் கள்ள வியாபாரத்தைத் தடுப்பதாகச் சொல்லி, தம் ஆளுகைப் பகுதியிலிருந்து யூதர்கள் அனைவரையும் வெளியேற்ற ஆணையிட்டார்; குடியரசுத் தலைவர் லிங்கன் சில வாரங்களில் அதை ரத்து செய்தார். கணவரின் செயலைப் பெரும்பாலும் தூக்கிப் பேசும் ஜூலியாவே, அந்த ஆணையை வெறுக்கத்தக்கதென்று பிற்காலத்தில் எழுதினார். 1864-இல் வர்ஜீனியாவில் கோல்டு ஹார்பர் என்ற இடத்தில் நடத்திய கடைசித் தாக்குதலில் ஆயிரக்கணக்கான வீரர்கள் பயனின்றி மாண்டும் காயமுற்றும் விழுந்தனர். அதற்காகத் தாம் எப்போதும் வருந்தியதாகக் கிராண்ட் பின்னர் ஒப்புக்கொண்டார்.

1865 ஏப்ரல் 9 அன்று அப்போமாட்டாக்ஸ் என்ற சிற்றூரில் ஒரு வீட்டுக் கூடத்தில், தென்தரப்புத் தளபதி ராபர்ட் ஈ. லீ சரணடைந்தபோது அவர் விதித்த நிபந்தனைகள், ஒரு காலத்தில் ஏர் பிடித்த கைக்குத்தான் தோன்றியிருக்க முடியும். இனி ஆயுதம் ஏந்துவதில்லை என்று உறுதியளித்துவிட்டு வீரர்கள் வீட்டுக்குப் போகலாம். சொந்தக் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் ஓட்டிச் செல்லலாம், ஏனென்றால் வசந்த கால உழவுக்கு அவை தேவைப்படும். பசியோடிருந்த அந்தப் படைக்கு 25,000 பேருக்கான உணவும் அனுப்பப்பட்டது. ஐந்து நாட்கள் கழித்து, ஏப்ரல் 14 அன்று, வாஷிங்டனின் போர்டு நாடக அரங்குக்குத் தம்முடன் வருமாறு லிங்கன் கிராண்ட் தம்பதியை அழைத்தார். நியூஜெர்சியின் பர்லிங்டனில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கப் போக வேண்டும் என்று அவர்கள் அழைப்பைத் தவிர்த்து ரயிலேறினர். அன்றிரவு அந்த அரங்கில்தான் லிங்கன் சுடப்பட்டார்.

குடியரசுத் தலைவராக அவர் கழித்த எட்டு ஆண்டுகளில், விடுதலை பெற்ற கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமையை உறுதிசெய்த 15-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், அவர்களைக் கொன்று அச்சுறுத்திய கூ கிளக்ஸ் கிளான் என்ற இரகசியக் கும்பலை ஒடுக்கியதும் பெருமைக்குரியவை; நம்பியவர்கள் செய்த ஊழல்கள் சிறுமைக்குரியவை. மனிதர்களை எளிதில் நம்பிவிடும் இந்த இயல்பே பின்னாளில் அவர் குடும்பத்தை வீழ்த்தியது என்பதால் இதை இங்கே குறித்துக்கொள்வது பொருந்தும். பதவிக்குப் பின் மனைவியுடன் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உலகைச் சுற்றினார்; 1879-இன் தொடக்கத்தில் பம்பாயில் இறங்கி ஆக்ரா, டெல்லி வழியாகக் கல்கத்தா வரை வந்தார். திரும்பிய பிறகு நியூயார்க்கில் குடியேறினார்.

அக்காலத்தில் முன்னாள் குடியரசுத் தலைவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. அதற்கான சட்டம் 1958-இல்தான் வந்தது. தலைவராகப் பொறுப்பேற்பதற்காகத் தளபதி பதவியை விட்டுவிட்டதால், இராணுவத்திலிருந்தும் அவருக்கு எதுவும் வரவில்லை. இந்த நிலையில் இரண்டாவது மகன், பக் என்று வீட்டார் அழைத்த யுலிசிஸ் இளையவர், பெர்டினாண்டு வார்டு என்ற இளைஞருடன் சேர்ந்து பங்கு வர்த்தக நிறுவனம் ஒன்றைத் தொடங்க, தந்தையும் தம்மிடமிருந்ததை அதில் போட்டுப் பங்குதாரரானார். வார்டு செய்தது இன்று தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் நன்கு தெரிந்த மோசடியே: புதிதாகப் பணம் போடுவோரிடம் வாங்கியதை எடுத்துப் பழையவர்களுக்கு லாபமென்று கொடுப்பது, ஒரே பத்திரத்தைப் பல இடங்களில் அடமானம் வைப்பது. கிராண்ட் என்ற பெயரை நம்பி முன்னாள் வீரர்கள் பலரும் தங்கள் சேமிப்பைப் போட்டிருந்தனர். 1884 மே 4, ஞாயிற்றுக்கிழமை, ஒரு வங்கியைக் காப்பாற்ற அவசரமாகப் பணம் வேண்டும் என்று வார்டு வந்து சொல்ல, கிராண்ட் பெருஞ்செல்வர் வில்லியம் வாண்டர்பில்ட்டின் வீட்டுக்குப் போய் 1,50,000 டாலருக்குக் காசோலை வாங்கி வந்தார். இரண்டு நாளில் எல்லாம் வெடித்தது. அன்று மாலை கணவன் கையில் 80 டாலரும் மனைவி கையில் 130 டாலரும் மிஞ்சியிருந்ததாகக் கணக்கு.

வாண்டர்பில்ட் அந்தக் கடனைத் தள்ளிவிட முன்வந்தார். தம்பதி இருவரும் அதை ஏற்கவில்லை; வீடு, நிலங்கள், போரில் கிடைத்த வாள்கள், பதக்கங்கள், உலகப் பயணத்தில் மன்னர்கள் தந்த பரிசுகள் ஆகிய அனைத்தையும் எழுதிக் கொடுத்தனர். முன்பின் அறியாத ஒருவர், 1865 ஏப்ரலில் முடிந்த சேவைக்குத் தாம் தர வேண்டிய பங்கு என்று குறிப்பிட்டு ஆயிரம் டாலர் அனுப்பிவைத்தார்.

பணத்துக்கு வழி தேடித்தான் அவர் பேனாவைத் தொட்டார். செஞ்சுரி என்ற மாத இதழ், உள்நாட்டுப் போரின் தளபதிகளைக் கொண்டு கட்டுரைத் தொடர் ஒன்றை வெளியிடத் திட்டமிட்டிருந்தது. ஒரு கட்டுரைக்கு 500 டாலர் தருவதாகச் சொல்லிக் கிராண்டையும் கேட்டது. ஷைலோ போரைப் பற்றி அவர் எழுதி அனுப்பிய முதல் கட்டுரை, மேலதிகாரிக்கு அனுப்பும் அறிக்கை போல வறண்டிருந்தது. இதழின் துணை ஆசிரியர் ராபர்ட் அண்டர்வுட் ஜான்சன் நேரில் வந்து, போர்க்களத்தில் என்ன கண்டார், என்ன எண்ணினார் என்று பேச வைத்து, பேசியதையே எழுதும்படி சொல்லிக் கொடுத்தார். அறுபத்திரண்டு வயதில், நாட்டையே ஆண்ட ஒருவர், ஒரு இளம் பத்திரிகையாளரிடம் பாடம் கேட்டுத் திரும்ப எழுதினார். எழுத எழுத அதில் அவருக்கு இன்பமும் பிறந்தது.

அதே கோடையில் நியூஜெர்சிக் கடற்கரை வீட்டில் ஒரு பீச் பழத்தைக் கடித்து விழுங்கியபோது தொண்டையில் ஏதோ கொட்டியது போன்ற வலி எழுந்தது. மாதக்கணக்கில் அதைப் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டு, அக்டோபரில்தான் தொண்டை மருத்துவர் ஜான் டக்ளசிடம் போனார். நாக்கின் அடியிலும் தொண்டையிலும் புற்று. டோனல்சன் வெற்றிக்குப் பிறகு அவர் சுருட்டுப் பிரியர் என்று பத்திரிகைகள் எழுத, நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் நன்றி மிக்க மக்கள் ஆயிரக்கணக்கில் சுருட்டுகளை அனுப்பிக் குவித்ததும், அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அவர் புகைத்துத் தள்ளியதும் இந்த நோய்க்குக் காரணமாகியிருக்கலாம் என்பது பரவலான கருத்து. அந்தக் கட்டத்தில் அறுவை சிகிச்சைக்கு இடமில்லை. உணர்ச்சியை மரக்கச் செய்யும் தன்மை அவ்வாண்டுதான் கண்டறியப்பட்டிருந்த கோகெயின் கரைசலைத் தொண்டையில் தடவுவதும், இரவில் மார்பின் கொடுப்பதுமே செய்ய முடிந்தவை. தண்ணீர் விழுங்குவது காய்ச்சிய ஈயத்தை விழுங்குவது போல இருந்ததாக நோயாளி சொன்னார்.

இப்போது கட்டுரைகள் போதவில்லை. ஒரு நூல் வேண்டும். செஞ்சுரி நிறுவனம் வழக்கமான 10 விழுக்காடு ராயல்டி, அதாவது விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஆசிரியருக்குரிய பங்கு, தருவதாகச் சொன்னது. செய்தியறிந்து ஓடிவந்தவர் எழுத்தாளர் மார்க் ட்வைன். போரின் தொடக்கத்தில் சில நாட்கள் தென்தரப்பு ஊர்க்காவல் குழுவொன்றில் இருந்து விலகிய அவர், அப்போது சொந்தப் பதிப்பகம் நடத்தினார். நிகர லாபத்தில் 70 விழுக்காடு தர முன்வந்தார். தம்மை முதலில் கேட்டவர்களை விட்டுவிடுவது முறையா என்று கிராண்ட் தயங்கினார். பிறகு 1885 பிப்ரவரி 27 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. கடன்காரர்கள் கைவைக்க முடியாதபடி வருமானம் ஜூலியாவைச் சேரும் வகையில் ஏற்பாடு செய்யப்பட்டது. மார்ச் 4 அன்று நாடாளுமன்றம் அவருக்குத் தளபதி பதவியையும் அதற்குரிய ஊதியத்தையும் மீட்டுக் கொடுத்தது. ஆனால் அது அவர் உயிரோடிருக்கும் வரைக்கு மட்டுமே. மனைவிக்கு மிஞ்சப் போவது நூல் ஒன்றே.

நியூயார்க்கில் கிழக்கு 66-ஆவது தெருவில் இருந்த வீட்டின் மாடியில் வேலை நடந்தது. மூத்த மகன் பிரெட், விக்ஸ்பர்க்கில் கூடச் சுற்றிய அதே பையன், இப்போது முப்பத்து நான்கு வயதில், பழைய ஆணைகளையும் வரைபடங்களையும் சரிபார்த்துக் கொடுத்தான். கழுத்தில் துணி சுற்றி, தலையில் கம்பளிக் குல்லாய் அணிந்து, மடியில் பலகை வைத்து எழுதினார். கை ஓய்ந்தபோது சுருக்கெழுத்தாளரை அழைத்துச் சொல்லி எழுத வைத்தார். ஒரே அமர்வில் ஏறத்தாழ 9,000 சொற்களை நிறுத்தாமல் சொன்ன நாளும் உண்டு என்று மார்க் ட்வைன் வியந்திருக்கிறார். மார்ச் இறுதியில் மரணம் வாசலுக்கு வந்துவிட்டதென்று பத்திரிகையாளர்கள் எதிர்வீட்டில் குவிந்தனர். ஏப்ரலில் திடீரென்று இரத்தம் கொட்டி, அதனாலேயே மூச்சு சற்றுச் சீராகி, மீண்டும் எழுதத் தொடங்கினார். குரல் போன பிறகு மருத்துவரிடமும் வீட்டாரிடமும் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் காட்டியே பேசினார். அவரது பழைய உதவியாளர் ஒருவர், நூலை உண்மையில் எழுதுவது தாமே என்ற பேச்சு பரவ இடங்கொடுத்ததோடு கூடுதல் பணமும் கேட்டபோது, கிராண்ட் அவரை விலக்கிவிட்டுத் தனியாகவே தொடர்ந்தார்.

கோடை வெப்பத்துக்கு அஞ்சி, ஜூன் 16 அன்று அவரை நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, சாரட்டோகாவுக்கு அருகிலுள்ள மவுன்ட் மெக்ரெகர் மலைமீது ஒரு சிறு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் இரண்டு தோல் நாற்காலிகளை எதிரெதிரே போட்டு, ஒன்றில் உட்கார்ந்து மற்றொன்றில் காலை நீட்டி இரவுகளைக் கழித்தார். பகலில் திண்ணையில் போர்வையும் குல்லாயுமாக அமர்ந்து எழுதும் அவருடைய புகைப்படம் இன்றும் புகழ்பெற்றது. முன்னாள் வீரர் ஒருவர் வீட்டருகே கூடாரம் போட்டுக்கொண்டு, பார்க்க வரும் கூட்டம் தொல்லை தராதபடி காவல் இருந்தார். ஜூலை 10 அன்று வந்தவர் சைமன் பக்னர். 1854-இல் வேலையிழந்து நியூயார்க்கில் நின்ற கிராண்டுக்கு விடுதிக் கடனில் கைகொடுத்தவர், பிறகு தென்தரப்புத் தளபதியாக டோனல்சன் கோட்டையில் அவரிடமே சரணடைந்தவர். பேச முடியாத நண்பரின் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதிக் காட்டிய சீட்டுகளுக்கு விடை சொன்னார். நூலை அமெரிக்கப் படைவீரருக்கும் கடற்படை வீரருக்கும் காணிக்கையாக்கியிருந்தார் கிராண்ட். ஒன்றியத்துக்காகப் போரிட்டவர்களுக்கு என்று திருத்தலாமே என மகன் கேட்டபோது, எதிர்த்து நின்றவர்களுக்கும் சேர்த்தே அது என்று மறுத்துவிட்டார்.

ஜூலை இரண்டாம் வாரத்துக்குப் பின் திருத்தங்களும் முடிந்தன. ஏறத்தாழ 3 லட்சம் சொற்கள், இரண்டு தொகுதிகள். சில நாட்களில், ஜூலை 23 காலை எட்டு மணி கழிந்த சில நிமிடங்களில், மனைவி கையைப் பிடித்திருக்க, பிள்ளைகள் சூழ்ந்திருக்க, உயிர் பிரிந்தது. வயது 63. அவருடைய உடையில் ஜூலியாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. ஜூன் 29 தேதியிட்ட அதில், திடீரென்று போய்விட்டால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பிள்ளைகளைப் பற்றியும் தம் அடக்கத்தைப் பற்றியும் எழுதி வைத்திருந்தார். அடக்கத்தைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. வெஸ்ட் பாயிண்ட் கல்லூரி மயானமே மனதுக்கு உகந்த இடம். ஆனால் அங்கே மனைவிக்கு இடம் கிடைக்காது என்று நினைத்து அதை அவர் ஒதுக்கினார். தம் பக்கத்தில் ஜூலியாவுக்கும் இடம் தரும் மண்ணே வேண்டும் என்பதால் நியூயார்க் நகரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆகஸ்ட் 8 அன்று நடந்த இறுதி ஊர்வலத்தைப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டதாக மதிப்பிடப்படுகிறது. சவப்பெட்டியுடன் சென்ற தளபதிகளில் வடதரப்பின் ஷெர்மனும் ஷெரிடனும் இருந்தது போலவே, தென்தரப்பின் பக்னரும் ஜோசப் ஜான்ஸ்டனும் இருந்தார்கள். ஏறத்தாழ 90,000 பேர் அளித்த நன்கொடையில் எழுந்த கல்லறை மண்டபம் 1897 ஏப்ரல் 27 அன்று, அவருடைய 75-ஆவது பிறந்த நாளில் திறக்கப்பட்டது.

நூல் விற்ற விதமும் படைவீரர்களைச் சார்ந்ததே. கடைகளில் அடுக்கி விற்காமல், ஊர் ஊராக முகவர்கள் வீடு தேடிச் சென்று முன்பதிவு வாங்கும் சந்தா முறையை மார்க் ட்வைனின் பதிப்பகம் கையாண்டது. அந்த முகவர்களில் பலர் கிராண்டின் கீழ்ப் போரிட்ட முன்னாள் வீரர்கள், சீருடை அணிந்தே கதவைத் தட்டினர். மூன்று லட்சத்துக்கும் அதிகமான தொகுப்புகள் விற்றன. 1886 பிப்ரவரியில் ஜூலியாவுக்குக் கிடைத்த முதல் காசோலை 2 லட்சம் டாலர். மொத்தத்தில் 4 லட்சத்துக்கு மேல் வந்து சேர்ந்தது. விறகு விற்றும் கடிகாரத்தை அடகு வைத்தும் தோல் கடையில் நின்றும் குடும்பத்துக்கு அவரால் தேடித்தர முடியாத பாதுகாப்பு, அவர் கண் மூடிய பிறகே கிடைத்தது.

படிப்பவர்களுக்கு அந்த நூலில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. மனைவிக்காகவே எழுதப்பட்ட அதில் மனைவி மிகக் குறைவாகவே வருகிறார். காதலும் திருமணமும் ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடுகின்றன. குடியரசுத் தலைவராக இருந்த எட்டு ஆண்டுகளும் ஏறக்குறைய இல்லை. ஆற்றைக் கடப்பதும் படையை நகர்த்துவதும் ஆணை அனுப்புவதும் எளிய, அலங்காரமில்லாத நடையில் வருகின்றன. அந்த நடைக்காகவே, அமெரிக்காவில் எழுதப்பட்ட சிறந்த தன்வரலாறுகளுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. குடும்பத்தைப் பற்றி அறிய விரும்புவோர் வேறு இரண்டு மூலங்களை நாட வேண்டும். ஒன்று, கிராண்ட் எழுதி ஜூலியா பாதுகாத்து வைத்த கடிதங்கள். ஜூலியா எழுதியவற்றில் மிகப் பெரும்பாலானவை கிடைக்கவில்லை. மற்றொன்று, விதவையான பிறகு ஜூலியாவே எழுதிய நினைவுக்குறிப்பு. தாம் வளர்ந்த வீட்டின் அடிமைகளைப் பற்றி மனம் உறுத்தாமல் பேசும் பகுதிகள் அதில் இன்றைய வாசகர்களைத் துணுக்குறச் செய்யும். கணவர் வீட்டில் எப்படிப் பேசினார், பிள்ளைகளோடு எப்படி விளையாடினார் என்பவை அதில்தான் கிடைக்கின்றன. குடியரசுத் தலைவரின் மனைவியாக இருந்த பெண்களில் இப்படி ஒரு நினைவுக்குறிப்பை முதலில் எழுதியவர் என்று பொதுவாக அவரையே குறிப்பிடுகிறார்கள். உயிரோடிருந்தபோது அதற்குப் பதிப்பாளர் அமையவில்லை. 1902 டிசம்பர் 14 அன்று அவர் மறைந்து, கணவருக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டு எழுபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகு, 1975-இல்தான் அந்த நூல் அச்சேறியது.